இருக்கைக்குக் கொடுத்தோம், போய்வரக் கொடுத்தோமா?

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க நம் தமிழ்நாடு அரசு 2017இல் 10 கோடி ரூபாய் அறிவித்துக் கொடுத்தது. மொத்தம் தேவைப்பட்டது 60 லட்சம் டாலர். மீதியை உலகம் முழுவதும் இருக்கிற தமிழர்கள் அவரவர் சக்திக்கு ஏற்றபடி போட்டு 2018இல் நிறைத்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது திருவண்ணாமலையில் டீக்கடையிலும் அதுதான் பேச்சு. எனக்கும் பெருமைதான். அந்தப் பெருமையைக் குறைத்துப் பேச நான் உட்காரவில்லை. ஆனால் முப்பத்தைந்து வருஷம் அரசுக் கணக்கு எழுதிய குமாஸ்தாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். செலவுப் பத்தியைப் பார்த்தால் வரவுப் பத்தியையும் பார்க்கச் சொல்லும்.

செலவுப் பத்தியில் 10 கோடி. வரவுப் பத்தியில் அங்கே ஒரு பேராசிரியர், அங்கே படிக்கிற மாணவர்களுக்குத் தமிழ். நல்ல வரவுதான். ஆனால் நம் ஊர் அரசுக் கலைக் கல்லூரியில் தமிழோ வரலாறோ படிக்கிற ஒரு பெண், ஒரே ஒரு பருவம் அங்கே போய்ப் படித்துவிட்டு வர அந்தப் பணத்தில் வழி இருக்கிறதா? அங்கே தமிழ் படிக்கிற பையன் இங்கே வந்து நம் கல்லூரி பெஞ்சில் நான்கு மாதம் உட்கார வழி இருக்கிறதா? இருக்கைக்கு என்று கொடுத்த மூலதனம் இருக்கைக்குத்தான் போகும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பணம் வாங்கியவர்கள் சொன்னதைத்தான் செய்கிறார்கள். நாம் எதற்குக் கொடுத்தோம் என்பதுதான் என் கேள்வி.

கொடை வேறு, கூட்டு வேறு. கொடையில் ஒருவர் கொடுக்கிறார், ஒருவர் வாங்கிக்கொள்கிறார், அதோடு உறவு முடிகிறது. கூட்டில் இரண்டு பேரும் பணம் போடுகிறார்கள், இரண்டு பேரும் போகிறார்கள், வருகிறார்கள், கிடைத்ததைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் நமக்கு வேண்டியது கூட்டு. நாம் செய்துகொண்டிருப்பது கொடை. 2017இல் ஹார்வர்டின் சொந்த நிதிக் கையிருப்பு சுமார் 3,700 கோடி டாலர். கடலில் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. இங்கே ஊருணி வறண்டு கிடக்கிறது.

கிரிவலப் பாதையில் காலாற நடக்கிற கிழவனுக்கு இந்தக் கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இந்த ஊரிலேயே இருக்கிறது.

நம் அண்ணாமலையார் கோயிலையும் இந்த ஊரையும் பற்றி மிக விரிவாக நடந்த ஆராய்ச்சி எது தெரியுமா? 1989 முதல் 1999 வரை ஐந்து தொகுதிகளாக வந்தது. வெளியிட்டவர்கள் புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், அதே ஊரில் மையம் வைத்திருக்கும் பாரீஸின் தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியும். முதல் தொகுதி கல்வெட்டுகள். பி.ஆர். ஸ்ரீநிவாசன் படித்து, பதிப்பித்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இரண்டாவது கோயிலின் கட்டடத் தொல்லியல். மூன்றாவது பூஜைகளும் திருவிழாக்களும். நான்காவது கோயிலைச் சுற்றியுள்ள சமூக அமைப்பு. ஐந்தாவது இந்த நகரம். பிரான்சுவாஸ் லெர்னோ, பியர் பிஷார், ழான் தெலோஷ், மரி-லூயிஸ் ரெனிஷ் போன்றவர்கள் வருஷக்கணக்கில் உழைத்தது. கல்வெட்டுத் தொகுதி தவிர மற்றவை பிரெஞ்சு மொழியில் இருக்கின்றன.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் புண்ணியத்தில் அவற்றைப் படிக்க முடிகிறது. மாட வீதியில் நான்கு தலைமுறையாகக் குடியிருப்பவருக்கு முடியவில்லை. தேர் இழுக்கிறவருக்கு, தீபத்துக்குக் கொப்பரை தூக்குகிறவருக்கு, கோயில் அலுவலகத்தில் வேலை செய்கிறவருக்கு, நம் கல்லூரியின் வரலாற்று மாணவருக்கு முடியவில்லை. வல்லாள மகாராஜனுக்கு மகன் ஸ்தானத்தில் நின்று, மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் சுவாமியே திதி கொடுக்கிற ஊர் இது. அந்த ஊரின் திருவிழாவைப் பற்றி ஒரு தொகுதியே இருக்கிறது. திருவிழா நடத்துகிறவர்கள் அதைப் படிக்க முடியாது.

இதனால் நஷ்டம் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 2002இல் மத்திய தொல்லியல் துறை நம் கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. ஊர் கொதித்தது. எதிர்ப்பு வலுத்து, 2004இல் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. முடிவு சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. கோயிலின் எந்தப் பகுதி எந்தக் காலத்தது, எது பிறகு சேர்ந்தது என்பதெல்லாம் அந்த வழக்கின் உயிர்நாடி. அதைப் பற்றிய தொல்லியல் தொகுதி அச்சாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் காதில் விழுந்த பேச்சுகளில் இரு தரப்பிலும் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. நம் வீட்டு விவகாரத்துக்கான பத்திரம் பக்கத்து ஊரில், வேறு பாஷையில், அலமாரியில் கிடந்தது.

இதில் பிரெஞ்சுக்காரர்கள் மேல் தப்பு சொன்னால் நன்றி கெட்டவன் ஆவேன். 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. போகிறவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போகவில்லை. 1955இல் ழான் பிலியோஸா தலைமையில் புதுச்சேரியில் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தார்கள். அதற்கு இன்றுவரை பிரான்ஸ் அரசு வருஷா வருஷம் பணம் ஒதுக்குகிறது. அங்கே சேர்ந்த சைவ ஓலைச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பணம் போட்டவன் தன் பாஷையில் எழுதுகிறான். இது உலக நியதி. நாம் பாதி போட்டிருந்தால் பாதி நம் பாஷையில் வந்திருக்கும்.

வராது என்று சொல்ல முடியாது. தேவாரப் பதிப்பைப் பாருங்கள். அதே நிறுவனத்தில் பண்டித தி.வே. கோபாலய்யரும் பிரான்சுவா குரோவும் ஒன்றாக உட்கார்ந்து உழைத்ததில் 1984-85இல் வெளிவந்தது. ஓதுவாரும் தமிழாசிரியரும் கையில் எடுத்துப் படிக்கிற புத்தகம் அது. நம் பண்டிதரும் அவர்கள் அறிஞரும் சரிசமமாக ஒரே மேஜையில் உட்கார்ந்தால் பலன் தமிழில் வரும் என்பதற்கு அது ஒன்றே போதும்.

என் வயதுக்காரர்களுக்கு பி.எல். 480 கோதுமை நினைவிருக்கும். ரேஷன் வரிசையில் நின்று வாங்கித் தின்றோம். அந்தக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில் விலை கொடுத்தது. அந்த ரூபாயில் ஒரு பகுதியை வைத்து அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1962இல் டில்லியில் அலுவலகம் திறந்து, இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கித் தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழ்ப் புத்தகமும் போனது. சிகாகோவிலும் மற்ற இடங்களிலும் தென்னாசியப் படிப்பு வளர்ந்ததற்கு அது ஒரு காரணம். நாம் வயிற்றுக்கு வாங்கினோம், அவர்கள் அறிவுக்கு வாங்கினார்கள். தொலைநோக்கு என்றால் அதுதான். அதில் அவர்களைப் பாராட்டுகிறேன். அறுபது வருஷம் கழித்தும் நாம் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ளவில்லையே என்று வருத்தப்படுகிறேன்.

கூட்டு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுவதும் சேர்த்த நூலகத்தை, அவர் காலத்துக்குப் பிறகு 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. கப்பலில் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. சென்னையிலேயே வைத்து, இங்குள்ளவர்களோடு சேர்ந்து நூலகமாக்கினார்கள். நுண்படம் எடுத்தார்கள். புத்தகம் இங்கே, படம் இரண்டு இடத்திலும். இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். ஒப்பந்தத்தில் ஒரு வரி சரியாக எழுதினால் எவ்வளவு காப்பாற்றலாம் என்பதற்கு அது உதாரணம்.

பணத்திலும் உதாரணம் உண்டு. இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து 1987இல் உயர் ஆராய்ச்சிக்கு ஒரு மையம் தொடங்கின. டில்லியில் இருக்கிறது. இரண்டு அரசும் சரிபாதி போடுகின்றன. ஃபுல்பிரைட் உதவித்தொகையும் அப்படித்தான். 1950இல் நேரு காலத்தில் ஒப்பந்தம் ஆனது. நீண்ட காலம் அமெரிக்கப் பணத்தில் ஓடியது. 2008இல் புது ஒப்பந்தம் போட்டு இந்தியாவும் சமபங்கு கொடுக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் பெயரிலேயே நேரு வந்து உட்கார்ந்தார். பங்கு போட்டவனுக்குத்தான் பலகையில் பெயர்.

ஆனால் அந்த டில்லி மையம் விஞ்ஞானத்துக்கானது. தமிழுக்கு, வரலாற்றுக்கு, கல்வெட்டுக்கு அப்படி ஒன்று இல்லை. மத்திய அரசு 2015இல் அயல்நாட்டுப் பேராசிரியர்களை இங்கே வரவழைத்துப் பாடம் நடத்த ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2018இல் கூட்டு ஆராய்ச்சிக்கு 418 கோடியில் ‘ஸ்பார்க்’ என்று இன்னொரு திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் அதற்கு விண்ணப்பிக்கவே தேசியத் தரவரிசையில் முதல் நூறுக்குள் இருக்க வேண்டும். 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு, அயல்நாட்டுக் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து பட்டம் தரலாம், படிப்பில் 30 சதவீதம் வரை அங்கே படிக்கலாம் என்று விதி வகுத்தது. அதற்கும் உயர்ந்த நாக் மதிப்பெண்ணோ தரவரிசையோ வேண்டும். விதி வந்தது, கூடவே மாணவனுக்குப் பயணச் செலவு வரவில்லை. ஆக, ஏற்கெனவே ஜன்னல் திறந்திருக்கிற வீட்டுக்குத்தான் இன்னொரு ஜன்னல். கிராமத்திலிருந்து பஸ் ஏறி அரசுக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்குச் சுவர்தான்.

மற்ற கல்லூரிகள் என்ன செய்கின்றன? புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுகின்றன. செய்தித்தாளில் படம் வரும். பொன்னாடை, பூங்கொத்து, கையெழுத்து. புரிந்துணர்வு என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கும், அதில் ‘பணம்’ என்ற எழுத்தே கிடையாது. கணக்குத் தலைப்பு இல்லாத ஒப்பந்தம் கல்யாணப் பத்திரிகை மாதிரி. பத்திரிகை அடித்துவிட்டால் கல்யாணம் நடந்ததாகாது.

பணம் ஒதுக்கினாலும் போதாது, எப்போது ஒதுக்குகிறோம் என்பது முக்கியம். நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்தது. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். ஒரு விரிவுரையாளருக்கு அயல்நாட்டில் ஒரு பருவம் தங்கி ஆராய்ச்சி செய்ய அழைப்பு. அங்கே தங்குமிடம் அவர்கள் பொறுப்பு, விமானச் செலவு மட்டும் நம் பொறுப்பு. கோப்பு பிப்ரவரியில் கிளம்பியது. ஒரு விளக்கம் கேட்டார்கள், பிறகு இன்னொரு விளக்கம். கையெழுத்து ஆகி வந்தபோது ஏப்ரல் முதல் வாரம். மார்ச் 31உடன் நிதி காலாவதி. புதிய வருஷத்துக்குப் புதிதாகக் கேளுங்கள் என்று திருப்பினார்கள். அந்த மனிதர் இரண்டாம் முறை கேட்கவில்லை. யாரும் லஞ்சம் வாங்கவில்லை, யாரும் வேண்டுமென்று தடுக்கவில்லை. ஐரோப்பாவில் கல்வி ஆண்டு செப்டம்பரில் தொடங்குகிறது, நம் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. இரண்டு நாட்காட்டிக்கும் இடையே விழுந்து ஒரு ஆராய்ச்சி செத்துப்போனது.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

“கல்லூரியில் ஆசிரியர் பணியிடம் காலி, கழிவறை சரியில்லை, இதில் அயல்நாட்டுப் பயணமா?” நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கேள்வியை ஹார்வர்டுக்குப் பணம் போனபோது யாரும் உரக்கக் கேட்கவில்லை. அந்தப் பணம் கழிவறைக்கும் போகவில்லை, நம் பிள்ளைக்கும் போகவில்லை. வெளியே போகப்போகிற பணம் எந்த வழியில் போவது என்றுதான் நான் பேசுகிறேன்.

“போன பிள்ளை திரும்பி வராது.” நான் கேட்பது ஒரு பருவம் போய்வருவது. பட்டம் இங்கேதான் வாங்க வேண்டும் என்றால் வந்துதானே ஆக வேண்டும்! ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் அயல்நாட்டில் பட்டம் படிக்க அரசு உதவித்தொகை தருகிறது. மிக நல்ல காரியம், அது தொடர வேண்டும். நான் முதல்வன் திட்டத்தில் சில மாணவர்களை இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குக் குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதையும் வாழ்த்துகிறேன். மனம் இருந்தால் அரசால் முடியும் என்பதற்கு இவையே சாட்சி. ஆனால் போவது மட்டும் பரிமாற்றம் ஆகாது. வருவதும் சேர்ந்தால்தான் பரிமாற்றம்.

“வெள்ளைக்காரன் வந்து நம் கோயிலை ஆராய்ந்து நமக்கு என்ன ஆகப்போகிறது?” ஐயா, அவர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. செங்கம் சாலையில் மார்கழி, தை மாதங்களில் போய்ப் பாருங்கள். தமிழைவிடப் பிற மொழிச் சத்தம்தான் அதிகம். அவர்கள் எப்படியும் வருகிறார்கள். மனச் சாந்திக்கு வருகிறவர் வரட்டும், படிக்க வருகிறவர் நம் கல்லூரி வழியாக வரட்டும் என்கிறேன். அப்படி வந்தால் பக்கத்தில் நம் மாணவன் ஒருவன் உட்கார்ந்திருப்பான்.

குமாஸ்தா புத்தியில் ஒரு கணக்கு. 10 கோடியை வங்கியில் போட்டு 6 சதவீதம் வட்டி என்றால் வருஷத்துக்கு 60 லட்சம். பிரான்ஸில் படிக்கப் போகிற மாணவன் விசாவுக்கு மாதம் 615 யூரோ காட்ட வேண்டும். யூரோவுக்கு 90 ரூபாய் வைத்தாலும் மாதம் 55,000 ரூபாய். ஐந்து மாதத்துக்கு இரண்டே முக்கால் லட்சம். விமானம், காப்பீடு, குளிர்ச் சட்டை எல்லாம் சேர்த்து, கை தாராளமாக 5 லட்சம் என்று வையுங்கள். வருஷத்துக்கு 12 பேர், பத்து வருஷத்தில் 120 பேர். அசல் அப்படியே இருக்கும். அங்கிருந்து வருகிறவர்கள் செலவை அவர்கள் ஏற்கட்டும். நாம் விடுதியில் அறையும் சாப்பாடும் கொடுப்போம்.

நான் கேட்பது ஐந்தே ஐந்து நிபந்தனைகள். ஒன்று, இரண்டு தரப்பும் பாதிப் பாதி. இரண்டு, எத்தனை பேர் போகிறார்களோ அத்தனை பேர் வர வேண்டும். மூன்று, இடங்களில் பாதி தரவரிசையில் நூறுக்கு வெளியே இருக்கும் கல்லூரிகளுக்கு. நான்கு, ஆராய்ச்சி எந்த மொழியில் எழுதப்பட்டாலும் இரண்டு வருஷத்துக்குள் தமிழில் வர வேண்டும், ஆராயப்பட்ட ஊரின் நூலகத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும். ஐந்து, இந்த நிதி மார்ச் 31இல் சாகக் கூடாது. இதற்கெல்லாம் புதிய சட்டம் வேண்டாம். ஓர் அரசாணை போதும். அதன் வாசகத்தை எழுதிக் கொடுக்க என்னைப் போன்ற ஓய்வூதியர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறோம், சம்பளம் வேண்டாம்.

முதல் வேலையாக, ஏற்கெனவே வந்துவிட்ட நம் ஊர்த் தொகுதிகளைத் தமிழில் கொண்டுவரட்டும். புதுச்சேரி இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அங்கே பிரெஞ்சு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், இங்கே கோயிலைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சுப் பல்கலைக்கழக மாணவர் இருவர், நம் கல்லூரி மாணவர் இருவர், இரண்டு ஊர்ப் பெரியவர்கள். இதைவிடச் சிறந்த பரிமாற்றத் திட்டம் வேறென்ன வேண்டும்?

இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோருக்குப் பேரனோ பேத்தியோ ஏதோ ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த முறை பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது முதல்வரிடம் நான்கே கேள்வி கேளுங்கள். எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறீர்கள்? அதற்கு இந்த வருஷம் எவ்வளவு ஒதுக்கீடு? எத்தனை பேர் போனார்கள்? எத்தனை பேர் வந்தார்கள்? ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் இதையே கேளுங்கள். முதல் கேள்விக்கு உடனே பதில் வரும், படத்தோடு வரும். மற்ற மூன்றுக்கும் பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.